திரும்பி வரும் அரிவாள்

மாசி பிறந்தால் தாமிரபரணிக் கடைமடைப் பகுதியில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு பக்கம் பிசான நெல் அறுவடை. இன்னொரு பக்கம் பனையில் பாளை விட்டு, பதநீர் சீசன் தொடங்கும். வாழைத் தோட்டத்தில் பக்கக் கன்று அறுப்பதும் சருகு கழிப்பதும் வருடம் முழுக்க உள்ள வேலை. இந்த எல்லா வேலைக்கும் அரிவாள் வேண்டும். அதனால் மாசி மாதம் கொல்லுப்பட்டறை வாசலில் காலை ஆறு மணிக்கே ஆள் நிற்கும்.

அப்படி ஒரு பட்டறை, ஆற்றுப் பாசனம் முடிந்து தேரி மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. முன்புறம் ஓலைச் சாய்ப்பு, உள்ளே உலை. பட்டறைக்காரருக்கு அறுபது வயது. தகப்பனார், பாட்டனார் எல்லோரும் இதே உலையடியில் உட்கார்ந்தவர்கள். மகன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு, சில வருடம் வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர்.

போன வருடம் மாசியில் அந்தப் பட்டறையில் நடந்த ஒரு சம்பவத்தை அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் பேசுகிறார்கள். அரிவாள் வாங்குகிற எல்லோருக்கும் அதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஆளுக்கு ஏற்ற அரிவாள்

கடையில் தொங்கும் அரிவாளை எடுத்துக் காசு கொடுத்து வாங்கிப் போவது ஒரு முறை. இந்தப் பட்டறையில் அது நடக்காது. வருபவரிடம் அவர் முதலில் கேள்விதான் கேட்பார். என்ன வேலைக்கு? தென்னை மட்டையா, வேலிக்கருவையா, வாழையா? வலக்கையா, இடக்கையா? பழைய அரிவாள் இருந்தால் கொண்டுவரச் சொல்வார்.

பழைய அரிவாளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அது எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, ஆள் எப்படி வெட்டுகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மூக்குப் பக்கம் தேய்ந்திருந்தால் எட்டி வெட்டுகிறவர். அடிப்பக்கம் தேய்ந்திருந்தால் ஒட்டி நின்று வெட்டுகிறவர். புது அரிவாளின் வளைவையும் கனத்தையும் அதற்குத் தகுந்தபடி மாற்றுவார். கருக்கரிவாளுக்குப் பல் வெட்டும்போது இடக்கைக்காரர் என்றால் மறுபக்கத்தில் வெட்டுவார்.

இரும்பு பெரும்பாலும் லாரியின் வில் பட்டை. சாதாரணக் கம்பி, தகடுகளில் கரிச்சத்து குறைவு. அதைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கடினமாகாது. வில் பட்டையில் கரிச்சத்து 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருப்பதால் தோய்ச்சல் ஏறும். வயல் வேலைக்கான அரிவாளுக்கு அதுவே போதும்.

தோய்ச்சல்தான் இந்தத் தொழிலின் உயிர். அடித்து உருவாக்கிய அரிவாளை உலையில் செவ்வொளி வரும்வரை காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் முக்குவார்கள். அப்போது அது கண்ணாடி போலக் கடினமாகும். கண்ணாடி போலவே உடையவும் செய்யும். உடனே வெளியே எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப் பக்கம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அதன்பின் ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220, 230 டிகிரி சூட்டில் வரும். நீலம் 300 டிகிரியை ஒட்டி வரும். எந்த நிறத்தில் நிறுத்தி ஆற்றுகிறார்களோ, அதுதான் அரிவாளின் பதம்.

பனையேறியின் பாளை அரிவாளுக்கு வைக்கோல் நிறத்திலேயே நிறுத்த வேண்டும். பாளையைக் காகிதம் போலச் சீவ வேண்டும் என்பதால் அதற்குக் கூர் நிற்கும் கடினம் தேவை. கருவேல மரம் வெட்டும் அரிவாளை அப்படி நிறுத்தினால் கணுவில் பட்டதும் வாய் பெயர்ந்துவிடும். அதற்கு ஊதா தாண்டிப் போக வேண்டும். கூர் சீக்கிரம் மழுங்கினாலும் பரவாயில்லை, உடையக்கூடாது. ஒரே இரும்புதான். வேலை மாறினால் பதம் மாறும்.

இவ்வளவும் செய்து ஒரு வெட்டரிவாளுக்கு அவர் வாங்கியது 600 ரூபாய். அதிலும் 50 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் நடக்கும். நெல் அறுவடைக்கு இயந்திரம் வந்த பிறகு கருக்கரிவாள் விற்பனை படுத்துவிட்டது. இயந்திரம் இறங்காத சேற்று வயலுக்கும், சாய்ந்த பயிருக்கும், தீவனப்புல் அறுக்கவும்தான் இப்போது அதை வாங்குகிறார்கள். கரி விலை ஏறுகிறது. சம்மட்டி அடிக்க ஆள் இல்லை. பெரியவருக்கு வலது தோளில் தீராத வலி.

பெங்களூரிலிருந்து வந்த ஆர்டர்

மகன் பட்டறையில் செய்யும் பொருட்களைப் படம் எடுத்து செல்போனில் போட்டுவந்தார். அதைப் பார்த்து பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். அவர் கத்தி சேகரிப்பவர். வீட்டில் கண்ணாடி அலமாரி நிறைய கத்திகள் வைத்திருப்பவர். கையால் அடித்த கத்தி ஒன்று வேண்டும், 14,000 ரூபாய் தருகிறேன் என்றார். இருபத்து மூன்று வெட்டரிவாள் விற்றாலும் அந்தத் தொகை வராது.

அவர் முதலில் கேட்டது ஓரடி நீளத்தில் இருபுறமும் கூரான குத்துவாள், மான்கொம்புப் பிடி. இரண்டுக்கும் பெரியவர் சம்மதிக்கவில்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் விவசாயம், வீட்டு உபயோகம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. அந்த வகையில் சேராத கத்தி 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதப் பட்டியலில் வரும். குத்துவாளும் அதே பட்டியல்தான். மான்கொம்பை விற்பதும் வாங்குவதும் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைசியில் ஆறு அங்குலக் கத்தி, வைரம் பாய்ந்த பனங்கட்டையில் பிடி என்று பேசி முடிந்தது.

அவர் விடாமல் கேட்ட ஒன்று, கத்தியின் உடம்பில் தண்ணீர் அலை போன்ற கோலம். ‘டமாஸ்கஸ்’ என்று இதைச் சொல்வார்கள். இந்தப் பெயருக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் மூடிய மண் மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் சேர்த்து உருக்கி, உயர்ந்த எஃகுக் கட்டிகள் செய்தார்கள். அதில் கரிச்சத்து ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை இருக்கும். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழில் நடந்ததற்கான உலைகளும் தடயங்களும் கிடைத்திருக்கின்றன. பழைய தென்னாற்காடு பகுதியைச் சேர்ந்த மேல்சிறுவலூரிலும் மூசை எஃகு செய்த தடயம் உண்டு. அந்தக் கட்டிகள் கடல் கடந்து போய், மேற்காசியாவில் வாள்களாயின. வெளிநாட்டார் அந்த எஃகை ‘ஊட்ஸ்’ என்றார்கள். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே போன்ற விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

பழைய வாள்களில் அந்தக் கோலம் எஃகுக்குள்ளேயே இருந்தது. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் வாங்கும் கத்திகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. இரண்டு வகை எஃகுப் பட்டைகளை அடுக்கி, வெங்காரம் தூவி, வெள்ளைச் சூட்டில் அடித்து ஒட்டவைத்து, மடித்து மடித்து அடிக்கிறார்கள். கடைசியில் ரசாயனக் கரைசலில் ஊறவைத்தால் ஒரு எஃகு கறுக்கும், மற்றது வெள்ளையாக நிற்கும். கோலம் தெரியும்.

மகன் இதைப் பார்த்துக் கற்றிருந்தார். லாரி வில் பட்டையையும் மர மில்லில் கழித்துப் போட்ட ரம்பப் பட்டையையும் மாற்றி மாற்றி ஏழு துண்டுகளாக அடுக்கினார்கள். ஐந்து முறை மடித்தார்கள். ஏழு, 224 அடுக்கானது. முதல் இரண்டு கட்டிகள் ஒட்டாமல் நடுவில் பிளந்துவிட்டன. மூன்றாவதுதான் சரியாக வந்தது. பெரியவருக்கே அதைப் பார்க்கக் கொள்ளை ஆசை. “எங்க தாத்தா பாத்திருந்தா தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டிருப்பாரு” என்று சிரித்தார்.

வெளிச்சம் செய்த வினை

உலைக்கூடம் இருட்டாக இருப்பது ஜன்னல் வைக்கக் காசில்லாமல் அல்ல. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கண்தான் அளக்கிறது. அதற்கு இருட்டு வேண்டும். ஏறக்குறைய 770 டிகிரி சூட்டில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதைத் தாண்டிச் சற்று மேலே போனதும் தோய்ச்சல் போட வேண்டும். மகன் ஒருநாள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி, தகப்பனார் சொல்லும் நிறத்தைச் சோதித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பெரியவரின் கண் சொன்னது சரியாகவே இருந்தது.

பெங்களூர்க்காரர் கத்தி செய்வதை வீடியோவாகவும் கேட்டிருந்தார். இருட்டில் படம் விழவில்லை. மகன் உலைக்கு மேலே பெரிய எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். மாசி மாத நெருக்கடி. அன்று மாலை அந்தக் கத்திக்குத் தோய்ச்சல் போட்டார்கள். உலை எரிந்துகொண்டிருந்ததால், சீசனுக்குக் காத்திருந்த ஒரு பனையேறியின் பாளை அரிவாளுக்கும் அதே கையோடு தோய்ச்சல் போட்டார்கள்.

மறுநாள் பனையேறி வந்து அரிவாளை வாங்கிப் போனார். கத்தி பெட்டியில் போய், இரண்டு நாளில் பெங்களூர் சேர்ந்தது. ‘அற்புதம்’ என்று பதில் வந்தது. மீதிப் பணமும் வந்தது.

ஒன்பது நாள் கழித்து பனையேறி திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. இடுப்பிலிருந்த அரிவாள் பெட்டியைத் திறந்து, அரிவாளை எடுத்து அடைகல்லின் மேல் வைத்தார். வாயில் பிறை போல ஒரு துண்டு பெயர்ந்திருந்தது.

“மரத்து மேல வச்சுப் பேந்துட்டு அண்ணாச்சி. கை தப்புச்சு. அது கூடத் தெரியாம ரெண்டு மரத்துல சீவிட்டேன்.”

பனையேறிக்கு அரிவாள் பழுதாவது சின்ன விஷயம் அல்ல. பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவிவிட்டால்தான் பதநீர் ஊறும். வெட்டு சுத்தமாக இருக்க வேண்டும். பேந்த அரிவாளால் சீவினால் பாளை கசங்கும், ஊறல் அடைத்துக்கொள்ளும். அவருக்கு ஆறு பாளையில் ஊறல் நின்றுபோயிருந்தது. வருடத்தில் சில மாதம் மட்டும் கிடைக்கும் வருமானம் அது. அதைவிட, அவ்வளவு உயரத்தில் ஒரு கையால் மரத்தைப் பிடித்திருக்கும் மனிதனுக்கு மறு கையில் இருக்கும் அரிவாள்மேல் சந்தேகம் வரக்கூடாது.

பெரியவர் அரிவாளைக் குறட்டில் பிடித்து, பேந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு துண்டை வேண்டுமென்றே உடைத்தார். உடைந்த முகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். நல்ல தோய்ச்சல் என்றால் உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மாவு போல இருக்கும். இது ரவை போலப் பொரிப்பொரியாக மின்னியது. சூடு அதிகமாகிவிட்டால்தான் எஃகு இப்படிக் குருணையாகும். அப்படியானால் பதம் எவ்வளவு சரியாக நிறுத்தினாலும் உடையும்.

நாற்பது வருடமாகத் தவறாத கண் எப்படித் தவறியது என்று அவர் யோசித்தார். நிமிர்ந்து பார்த்தபோது எல்.இ.டி. விளக்கு தொங்கியது. வெளிச்சத்தில் செவ்வொளி மங்கித் தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்து, காய வேண்டிய அளவுக்கு மேலே காயவிட்டிருக்கிறார்.

விளக்கை அவிழ்த்துக் கீழே வைத்தார். அன்றே புதுப் பட்டை எடுத்து, வேறு வேலை எதையும் தொடாமல், இருட்டும் நேரத்தில் தோய்ச்சல் போட்டு, பாளை அரிவாளை முடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கத்தி

பனையேறி போன பிறகுதான் பெரியவருக்கு இன்னொன்று உறைத்தது. பெங்களூர்க் கத்தியும் அதே விளக்கின் கீழ், அதே மாலையில் காய்ச்சியதுதான்.

“ஏல, அந்தச் சாருக்குப் போனைப் போடு” என்றார்.

மகனுக்கு விருப்பம் இல்லை. “அவரு என்ன விறகா வெட்டப் போறாரு? கண்ணாடிக்குள்ள வைக்கப் போறாரு. ஆயுசுக்கும் தெரியாதுப்பா” என்றார்.

பெரியவர் விடவில்லை. போனில் அவரே பேசினார். கத்தியில் சூடு தப்பியிருக்கலாம், திருப்பி அனுப்புங்கள், வேறு செய்து தருகிறேன் என்றார். பெங்களூர்க்காரர் மரியாதையாகத்தான் பேசினார். கத்தி ரொம்ப அழகாக இருக்கிறது, நான் அதை வைத்து எதையும் வெட்டப் போவதில்லை, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த கத்திக்கும் ஆர்டர் கொடுத்தார்.

போனை வைத்துவிட்டுப் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மகனிடம் சொன்னார். “பனையேறி கொண்டாந்து கல்லு மேல வச்சான். அதனால என் தப்பு எனக்குத் தெரிஞ்சுது. அந்தக் கத்தி திரும்பி வராது. நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு யாருல சொல்லுவா?”

நாள்தோறும் உழைக்கிற கருவிக்கும் பார்வைக்கு வைக்கிற கருவிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உபயோகிக்கிறவரின் அரிவாள் வருடத்துக்கு ஒருமுறை தட்டவும் தீட்டவும் பட்டறைக்கு வரும். எங்கே தேய்ந்தது, எங்கே வளைந்தது, பிடி எங்கே ஆடுகிறது என்று அது சொல்லும். அடுத்த அரிவாள் அதைவிட நன்றாக அமையும். இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஒரு ஊர் அரிவாளுக்கு ஒரு வளைவு அமைந்தது. கொல்லர் ஒருவர் மட்டும் யோசித்து வந்ததல்ல அது. பிடித்து வெட்டிய கைகளுக்கும் அதில் பங்குண்டு. சேகரிப்பவர் வாங்கும் கத்தியில் கொல்லரின் கைத்திறன் முழுவதும் வெளிப்படலாம். ஆனால் அது பட்டறையை விட்டு வெளியேறிய நாளோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறது.

அதற்காகச் சேகரிப்பவர்களைக் குறை சொல்லிவிடவும் முடியாது. மகன் அதைத் தகப்பனாரிடம் நேராகவே கேட்டார். “அரிவாளுக்கு அம்பது ரூவா குறைக்கச் சொல்லுதாங்க. அந்த மனுசன் கேட்டதுக்கு மேல கொடுக்காரு. யாருப்பா நம்மள மதிக்கா?” பெரியவரிடம் இதற்குப் பதில் இல்லை. அப்படி இரண்டு மூன்று கத்தி விற்ற பணத்தில்தான் பழைய பவர் ஹாமர் ஒன்றை அவர்கள் வாங்கினார்கள். சம்மட்டி அடிக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. பெரியவரின் தோள் கொஞ்சம் ஆறியது. அந்த இயந்திரத்தில் இன்று அடிபடுபவை பெரும்பாலும் வாழைக்கும் தென்னைக்கும் போகிற அரிவாள்கள். அலமாரிக் கத்தியின் பணம் வயல் அரிவாளுக்கும் சோறு போட்டிருக்கிறது.

பேசி முடித்த கணக்கு

பங்குனியில் தகப்பனும் மகனும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

தை முதல் ஆடி வரை ஊர் வேலை மட்டும். சேகரிப்பவர்களுக்கான கத்தி ஆவணிக்குப் பிறகுதான். காத்திருக்க முடியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். படம் எடுப்பது சாணை பிடிக்கும் முன் சாய்ப்பில் மட்டும். உலைக்கு மேலே விளக்கு கிடையாது.

வெட்டரிவாள் விலையை 600-லிருந்து 750 ஆக்கினார்கள். ஆனால் ஒரு வருடத்துக்குள் வாய் மடங்கினாலோ பேந்தாலோ இலவசமாகச் சரிசெய்து தரப்படும். ஊரில் முணுமுணுப்பு இருந்தது. கொஞ்சம் பேர் டவுனில் தகட்டில் வெட்டிய மலிவு அரிவாளுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. பனையேறி மட்டும் பேரம் பேசவில்லை. “மேல ஏறுனவனுக்குத்தான் தெரியும்” என்று எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

வாங்குபவரின் பெயரும் ஊரும் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன. அரிவாள் தப்பான கைக்குப் போகாமல் இருக்க இந்த விவரத்தைப் பட்டறைகள் குறித்து வைக்க வேண்டும் என்று காவல்துறை கேட்கிறது. பெரியவருக்கு அந்த நோட்டு வேறு விதத்திலும் உதவுகிறது. யாருக்கு எந்த இரும்பில் எந்தப் பதத்தில் கொடுத்தோம் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்கிறார்.

சேகரிப்பவர்களுக்கும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கத்தி வாங்குபவர் ஒரு வருடத்துக்குள் அதை ஒருமுறையாவது திருப்பி அனுப்ப வேண்டும். கூரியர் செலவு பட்டறையுடையது. அதற்குள் அதை வைத்துக் காய்கறியாவது நறுக்கியிருக்க வேண்டும்.

அரிவாள் வைத்திருப்பவர்களுக்கு

இந்தப் பட்டறைக்கு வருபவர்களிடம் பெரியவர் திரும்பத் திரும்பச் சொல்பவை எல்லா ஊர் விவசாயிகளுக்கும் பயன்படும்.

அரிவாள் வாங்கும்போது முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைசல் பார்க்க வேண்டும். விரலால் சுண்டினால் மணி போலச் சத்தம் வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கலாம். வாயில் அரத்தை லேசாக ஓட்டிப் பார்க்கலாம். மண் போலத் தேய்ந்தால் தோய்ச்சல் ஏறவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்காமல் வழுக்கினால் மரம் வெட்டும் அரிவாளுக்கு அது அதிகக் கடினம்.

கிரைண்டரில் வைத்துத் தீட்டும்போது வாயில் நீலம் ஓடினால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கியபடி தீட்ட வேண்டும். தினசரிக் கூருக்குத் தீட்டுக்கல்லே நல்லது.

கரும்புக் கரணை நறுக்கும்போது வெட்டும் கத்தி வழியாக மறுதாம்புக் கட்டைப் பயிர் நோய் போன்றவை பரவும். ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்குப் போகும்போது கத்தியைக் கிருமிநாசினியில் நனைத்து, கழுவி, துடைத்துவிட வேண்டும். சிலர் கத்தியை அடுப்பில் காட்டிக் கிருமி நீக்குகிறார்கள். அது கத்தியின் பதத்தையும் சேர்த்து நீக்கிவிடும்.

கொய்யா, முருங்கை கவாத்துக்கு மழுங்கிய அரிவாளைக் கொண்டு போகக்கூடாது. பட்டை கிழிந்தால் காயம் ஆற நாளாகும், பூஞ்சணம் உள்ளே போக வழி கிடைக்கும்.

வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவி வைக்க வேண்டும். உர மூட்டைக்குப் பக்கத்தில், முக்கியமாகப் பொட்டாஷ் மூட்டை அருகில், செருகி வைத்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். பிடி ஆடத் தொடங்கியதும் பூணைச் சரிசெய்துவிட வேண்டும். ஆடுகிற பிடியோடு வெட்டுவது கைக்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியம், வருடத்துக்கு ஒருமுறை அரிவாளைச் செய்தவரிடமே கொண்டுபோக வேண்டும். அது எப்படி உழைத்தது என்று சொல்ல வேண்டும். குறை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நியாயமான கூலியைக் கொடுக்க வேண்டும். உள்ளூரில் ஒரு உலை அணைந்துவிட்டால், அடுத்து அறுவடை நேரத்தில் வாய் மடங்கிய அரிவாளை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதை வாங்குகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இந்த வருட மாசி

நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு இதுவரை கத்தி வாங்கியவர்கள் ஏழு பேர். இருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கத்தி போன மாதிரியே, எண்ணெய்ப் பளபளப்போடு வந்தது. பெரியவர் அதைத் துடைத்துத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

மற்றது இந்த மாசியில், வேலை நெருக்கும் ஒரு காலையில் வந்தது. எலுமிச்சைச் சாறு பட்டு உடம்பெல்லாம் கறை. வாய் நடுவில் மழுங்கியிருந்தது. மூக்கு லேசாக வளைந்திருந்தது. கூடவே ஒரு சீட்டு: வீட்டில் மீன் நறுக்குகிறார்கள், முள்ளில் பட்டு வளைந்துவிட்டது, மூக்கை இன்னும் கொஞ்சம் தடிமனாக வைத்திருக்கலாமோ?

வாசலில் நாலு பேர் அரிவாளோடு நின்றார்கள். பெரியவர் கத்தியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பெயருக்கு நேரே ‘மூக்கு கனம் கூட்டணும்’ என்று எழுதினார். பிறகு கத்தியை வரிசையில் கடைசி அரிவாளுக்குப் பின்னால் வைத்துவிட்டு, முதல் ஆளைக் கூப்பிட்டார்.